சிறைக்கு இரண்டு ஸ்பெல்லிங்

ஆங்கிலத்தில் ஜெயிலுக்கு இரண்டு ஸ்பெல்லிங். ஜே-யில் தொடங்குவது பாரிஸ் வட்டாரப் பிரெஞ்சு கொடுத்தது. ஜி-யில் தொடங்குவது நார்மன் பிரெஞ்சு கொடுத்தது. உச்சரிப்பு ஒன்றே. மூலமும் ஒன்றே: கூண்டைக் குறிக்கும் லத்தீன் சொல்.

பிரிட்டன் நெடுநாள் ஜி-யை விடவில்லை. ஆனால் அதில் ஒரு சங்கடம்: நடுவில் இரண்டு எழுத்துகள் இடம் மாறினால் சிறை, கால்பந்து 'கோல்' ஆகிவிடும்! இன்று அங்கும் பத்திரிகைகள் பெரும்பாலும் ஜே-க்கு மாறிவிட்டன.

பழைய ஸ்பெல்லிங் மறையாமல் இருக்க ஒரு கைதியும் காரணம். ரெடிங் சிறையில் அடைபட்டிருந்த ஆஸ்கர் வைல்டு, விடுதலைக்குப் பின் 1898-ல் வெளியிட்ட நெடுங்கவிதையின் தலைப்பில் இருப்பது ஜி-தான். புத்தகத்தில் அவர் பெயர் இல்லை, 'சி.3.3.' என்ற அறை எண் மட்டுமே. பெயர் சேர்ந்தது 1899-ல், ஏழாம் பதிப்பில்.

சிறைக்கு இரண்டு ஸ்பெல்லிங். கைதிக்கோ வெறும் எண்.