செம்மணியில் ‘இல்லை’ என்று சொன்ன பின்: உளவளத்துணை எங்கிருந்து தொடங்குவது?

செம்மணி, சித்துப்பாத்தி மயானத்துப் புதைகுழியிலிருந்து மீட்கப்பட்ட பொருட்கள் 2025 ஆகஸ்ட் 5ஆம் திகதி நீதிமன்ற உத்தரவின்படி மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. ஆடைகள், செருப்புகள், வளையல்கள், ஒரு நீலநிறப் பாடசாலைப் பை, பொம்மை. காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடும் குடும்பங்கள் வந்து பார்த்துச் சென்றன. விசாரணைக்கு வேண்டியிருந்தது ஒரு விடைதான்: இவற்றில் உங்களுக்குத் தெரிந்த பொருள் ஏதும் உண்டா, இல்லையா?

‘இல்லை’ என்று சொல்லும் தாயின் நிலை அந்த விடையோடு முடிவதில்லை. பிள்ளை இந்தக் குழிக்குள் இல்லை என்ற ஆறுதல் ஒருபுறம். அப்படியென்றால் எங்கே என்ற பழைய கேள்வி மறுபுறம். இன்னொருத்தியின் பிள்ளை அங்கே கிடக்கத் தனக்கு ஆறுதல் வந்துவிட்டதே என்ற குற்ற உணர்வும் கூடவே வரலாம். இந்த மூன்றோடும் வருகிற ஒருவருக்கு உளவளத்துணையாளர் என்ன செய்ய முடியும்?

அமெரிக்க ஆய்வாளர் போலின் பாஸ் 1970களில், வியட்நாம் போரில் காணாமற்போன படையினரின் குடும்பங்களோடு பணியாற்றியவர். முடிவு தெரியாத இழப்பு என்ற கருத்து அவருடையது. உடல் இல்லை, உறுதியும் இல்லை. ஆகவே துக்கம் தொடங்கவும் முடியாது, முடியவும் முடியாது. இது அந்த மனிதரின் நோயல்ல, சூழலின் இயல்பு என்பதே அவர் வலியுறுத்தியது. நமக்கு இதை விளக்க ஆய்வு தேவையில்லை. அந்தியேட்டி செய்யாத வீடுகளும், பொட்டை அழிப்பதா வைத்திருப்பதா என்று தெரியாத பெண்களும் வன்னியில் எந்த ஊரிலும் உண்டு.

இங்கேதான் ஒரே முறையைக் கையிலெடுக்கும் உளவளத்துணை தடுமாறுகிறது. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, துன்பம் தரும் எண்ணத்தை எடுத்து அதற்கு ஆதாரம் உண்டா என்று சோதிக்கச் சொல்லும். பரீட்சைப் பயத்துக்கு அது நன்றாகவே உதவும். ‘மகன் உயிரோடு இருக்கிறான்’ என்ற எண்ணத்தை ஒரு தாயிடம் அப்படிச் சோதிக்கப் புறப்பட்டால், அது உதவியாக இராது, விசாரணையாகிவிடும். விசாரணைகளை அவர்கள் போதுமான அளவு பார்த்தாயிற்று. மறுபக்கம், கார்ல் ரொஜர்ஸ் வழியில் பரிவோடு கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பதும் போதாது. இரவில் உறக்கமில்லாமல், மூச்சு முட்டி எழும்புகிறவருக்கு உடலை அமைதிப்படுத்தும் பயிற்சி இன்றைக்கே தேவை.

ஒருங்கிணைந்த உளவளத்துணை என்பது இந்த முறைகளில் எதையும் மதமாக்காமல், வந்திருப்பவருக்கு இப்போது எது வேண்டும் என்று பார்த்து எடுப்பது. முதலில் நம்பிக்கை, பாதுகாப்பு. பிறகு உறக்கமும் உடலும். குற்ற உணர்வு தன்னைத் தின்னும்போது மட்டும் எண்ணங்களைப் பரிசோதிக்கும் கருவி. பழைய இழப்புகள் இப்போதைய உறவுகளுக்குள் புகுந்திருந்தால் அதற்கு ஆழமான உரையாடல். எந்த வரிசையில் என்பதைத் தீர்மானிப்பதில் முதல் குரல் அவருடையது.

யாழ்ப்பாணத்துக்கு இது புதிய செய்தியல்ல. பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரின் காயம் தனிமனித மனத்தில் மட்டுமல்ல, குடும்பத்திலும் சமூகத்திலும் விழுந்திருக்கிறது என்று நீண்டகாலமாக எழுதிவருகிறார். சடங்குகளையும் மரபான தளர்வுப் பயிற்சிகளையும் சிகிச்சையோடு சேர்த்தே பேசியவர் அவர். கோயில் வாசலில் நேர்த்தி வைப்பதும், ஒப்பாரி சொல்லி அழுவதும் உளவளத்துணைக்குப் போட்டியல்ல. ஒரு நல்ல உளவளத்துணையாளர் அவற்றைப் பற்றி முதலில் விசாரிப்பார்.

ஆனால் ‘ஒருங்கிணைந்த’ என்ற சொல்லுக்குள் ஒளிந்துகொள்ளவும் முடியும். கொஞ்சம் தியானம், கொஞ்சம் புத்திமதி, கொஞ்சம் பட்டறையில் கேட்டது என்று கலந்து கொடுப்பதற்கும் அந்தப் பெயரே வைக்கப்படுகிறது. வேறுபாடு மேற்பார்வையில் இருக்கிறது. ஏன் இன்று இந்த முறையை எடுத்தீர்கள் என்று அனுபவமுள்ள ஒருவர் மாதந்தோறும் கேட்டால்தான் கலவை சிகிச்சையாகும். 2004 சுனாமிக்குப் பின் ஓரிரு நாள் வந்து, நடந்ததைச் சொல்லவைத்து அழவிட்டுப் போனவர்களை நம் கரையோரம் மறந்திருக்காது. நடந்ததை உடனே ஒருமுறை விவரிக்கச் செய்யும் அந்த முறையை உலக சுகாதார நிறுவனம் இன்று பரிந்துரைப்பதில்லை.

இன்னொன்று, துன்பத்தின் காரணம் எப்போதும் மனத்துக்குள் இருப்பதில்லை. கிழமைதோறும் நுண்கடன் வசூலிக்க வாசலில் வந்து நிற்பவர் கற்பனைப் பயம் அல்ல. கணவன் காணாமற்போன பெண்ணுக்குக் காணி உறுதி மாற்றவும் பிள்ளைக்கு ஆவணம் எடுக்கவும் மரணச் சான்றிதழ் கேட்கப்படுகிறது. அதை வாங்குவது அவரைத் தன் கையால் கொல்வது போல் இருக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. மரணத்தை ஏற்காமலே, காணாமற்போனவர் என்று பதிந்து சான்றிதழ் பெறும் வழி 2016இல் சட்டமாயிற்று. அதைத் தெரிந்து சொல்வதும், சட்ட உதவிக்கு அனுப்புவதும் உளவளத்துணையின் பகுதிதான். பிரதேச செயலகத்தில் இருக்கும் உளவளத்துணை உத்தியோகத்தருக்கு இதில் ஒரு வசதி உண்டு, ஒரு சங்கடமும் உண்டு. அஸ்வெசும விண்ணப்பம் கொடுக்க நிற்கும் அதே தாழ்வாரத்தில், அயலவர் பார்த்திருக்க, அழுவதற்கு யார் உள்ளே போவார்?

செம்மணியில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. மரபணுப் பரிசோதனைக்கு உறவினரிடம் மாதிரி எடுக்கும் நிலை வந்தால், ஒரு வீட்டுக்கு முடிவு வரும், அடுத்த வீட்டுக்கு வராது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரம் குந்திய தாய்மார் பலர் விடை கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். எஞ்சியவர்களுக்கு அகழ்வுக்கான செலவுத் திட்டத்திலேயே மூன்று விடயங்கள் எழுதப்பட வேண்டும்: முடிவைத் தொலைபேசியில் அல்லாமல் நேரில் சொல்லப்போவது யார், அவரோடு போகும் தமிழ் பேசும் உளவளத்துணையாளர் யார், முடிவு வராத வீட்டுக்கு அடுத்த கிழமையும் அதற்கடுத்த மாதமும் போகப்போவது யார்.