ஸ்கேனில் ஒரு கறுப்பு

பெரியநீலாவணையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது 46. சில வருடங்களாகச் சீனி வருத்தம். வயிற்று ஸ்கேன் எடுத்ததில் ஈரலில் கொழுப்புப் படிந்திருக்கிறதாம். பித்தப்பைக்குப் பக்கத்தில் கறுப்பாக ஓர் இடமும் தெரிகிறதாம். "புற்றுநோயோ என்று இரவில் தூக்கமில்லை. பிள்ளைகளிடமும் சொல்லவில்லை" என்கிறார்.

முதலில் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், சகோதரி. இதைத் தனியாகச் சுமக்க வேண்டாம்.

கொழுப்பு ஈரல் நம் நாட்டில் அபூர்வமல்ல. 2009இல் வெளியான ராகம ஆய்வில், 35 முதல் 64 வயது வரையானோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது இருந்தது. அப்படிப்பட்ட ஈரல் ஸ்கேன் திரையில் வெளுப்பாகத் தெரியும். அதற்குள் கொழுப்புப் படியாமல் தப்பிய பகுதி இருந்தால் அது கறுப்பாகத் தெரியும். பித்தப்பை ஓரத்தில் இப்படித் தப்புவது சகஜம். நீங்கள் பயப்படுகிற இடமே உங்கள் ஈரலில் சுகமான இடமாகவும் இருக்கலாம்! ஆனால் கட்டியும் அதே கறுப்பாகத் தெரியக்கூடும். சாதாரண ஸ்கேனை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

பிரித்தறிய ஒரு வழி, நுண்குமிழி மருந்து ஏற்றி எடுக்கும் ஸ்கேன். ஐரோப்பாவில் 2001 முதல் பாவனையில் உள்ளது. அமெரிக்கா ஈரலுக்கு இதை 2016இல் அனுமதித்தது. கை நாளத்தில் ஏற்றும் மருந்திலுள்ள வாயுக் குமிழிகள் இரத்தச் சிவப்பணுவை விடச் சிறியவை. இரத்தம் போகுமிடமெல்லாம் போய்த் திரையில் மின்னும். ஈரலில் உருவாகும் புற்று பெரும்பாலும் நாடி இரத்தத்தைக் குடித்து வளர்வதால், முதல் அரை நிமிடத்துக்குள் மற்ற ஈரலை முந்தி மின்னிப் பிறகு மங்கும். இரத்தக் குழாய்களாலான தீங்கற்ற கட்டி ஓரத்திலிருந்து உள்நோக்கி மெல்ல நிரம்பும். கொழுப்பிலிருந்து தப்பிய ஈரலோ சுற்றியுள்ளதோடு சேர்ந்தே மின்னி, சேர்ந்தே மங்கும். ஐந்தாறு நிமிட வேலை.

கதிர்வீச்சு இல்லை. வாயு மூச்சோடு வெளியேறிவிடும், சிறுநீரகத்துக்குப் பாரமில்லை. சீனி வருத்தக்காரருக்கு இது பெரிய ஆறுதல். ஒவ்வாமை அபூர்வம் என்றாலும், முன்பு ஏதும் மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால், இருதய வருத்தம் இருந்தால் சொல்லிவிடுங்கள்.

கொழுப்பு மிகுந்தால் ஒலி ஆழம்வரை போகாது, அப்போது எம்.ஆர்.ஐ. தான் கைகொடுக்கும். இந்த ஸ்கேன் எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடைப்பதுமில்லை. டொக்டர் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எழுதினால், "அதுதான் வேண்டும்" என்று அலைய வேண்டாம்.

பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டுகளையும் கிளினிக் கொப்பியையும் எடுத்துச் செல்லுங்கள். காரணமின்றி எடை குறைகிறதா, கண் மஞ்சளாகிறதா? அப்படியானால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் நாளைக்கே போங்கள்.