நாய்க்குட்டிகளைக் கொல்லும் குடல் வைரஸ்

நாய்க்கு வரும் பேதிக்கு இத்தனை ஆராய்ச்சியா என்று சிலர் பரிகசிக்கக்கூடும். அவர்கள் பார்வோ வைரஸின் சரித்திரத்தைச் சற்றே கவனிப்பார்களாக.

1978-ம் வருஷத்தில் பல தேசங்களில் நாய்க்குட்டிகள் வாந்தியும் ரத்தபேதியும் கண்டு மடியத் தொடங்கின. இரண்டொரு வருஷங்களில் நோய் உலகெங்கும் பரவிற்று. பூனைகளைப் பற்றும் வைரஸுக்கு நெருங்கிய உறவுடைய ஒரு வைரஸ், தன் மேலுறைப் புரதத்தில் சில மாறுதல்களைப் பெற்று நாயின் உடலில் புகும் சக்தியை அடைந்ததே காரணம் என்று பின்னர் தெளிவாயிற்று. ஐரோப்பாவில் பத்திரப்படுத்தியிருந்த பழைய நாய் ரத்த மாதிரிகளைச் சோதித்தபோது, 1970-களின் நடுவிலேயே அது அங்கு நடமாடியது வெளிப்பட்டது. மாதிரிகளை எறிந்துவிட்டிருந்தால் இவ்வுண்மை கிட்டியிராது.

வைரஸ் அதோடு நிற்கவுமில்லை. சில வருஷங்களுக்குள் 2-ஏ வகையும், பின்பு 2-பி வகையும் தோன்றின. 2000-ம் வருஷத்தில் இத்தாலியில் 2-சி தென்பட்டது. 2-பி வகையையும் 2-சி வகையையும் பிரித்தறிவது, மேலுறைப் புரதத்தின் 426-ம் ஸ்தானத்திலுள்ள ஒரே ஓர் அமினோ அமிலத்தைக் கொண்டுதான். மிருக வைத்தியசாலைகளில் உபயோகிக்கும் மலப் பரிசோதனைப் பட்டை "உண்டு", "இல்லை" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லாது.

"ஊசி போட்டும் குட்டி செத்துப்போயிற்றே" என்ற புலம்பலைப் பலரும் கேட்டிருப்பர். தாயிடமிருந்து குட்டி பெற்ற எதிர்ப்புச் சக்தியே சில வாரங்கள்வரை தடுப்பு மருந்தைப் பலிக்கவொட்டாமல் செய்வதுண்டு. மேலும், உயிருள்ள தடுப்பு மருந்து ஏற்றிய குட்டியின் மலத்தில் அம்மருந்தின் வைரஸே சில தினங்கள் வெளிப்படும். கண்டது மருந்தின் வைரஸா, தெருவில் உலவும் வைரஸா என்பதை மரபணு வரிசையைப் படித்தே நிச்சயிக்க இயலும். அதைச் செய்யாமல் ஊசியைப் பழிப்பது அநியாயம். அப்பழியை நம்பி ஊசியைக் கைவிடுவோரின் குட்டிகளே முதலில் பலியாகும்.

இது வீட்டு நாய்களோடு நிற்பதுமன்று. அமெரிக்காவின் ஐல் ராயல் தீவில் 1980-ல் 50 ஆக இருந்த ஓநாய்கள் 1982-ல் 14 ஆகக் குறைந்ததற்கு இந்த வைரஸே காரணமென்பது விஞ்ஞானிகளின் அபிப்பிராயம். நமது காடுகளிலும் செந்நாய்கள் உண்டு. காட்டோரக் கிராமங்களில் நாய்களுக்குப் பஞ்சமில்லை!

ஆகையால் ஜில்லாதோறுமுள்ள மிருக வைத்தியசாலைகளிலிருந்து, குட்டியின் வயதும் ஊசி போட்ட தேதியும் குறித்த மல மாதிரிகள் தவறாமல் ஆராய்ச்சிசாலைகளுக்குச் செல்லச் சர்க்கார் ஏற்பாடு செய்ய வேண்டுமென வற்புறுத்துகிறோம். பனிக்கட்டிப் பெட்டிக்கும் அதைச் சுமக்கும் ஆளுக்கும் ஆகும் செலவு பெரிதல்ல. பட்டையில் "இல்லை" என்று விடை வந்த மாதிரிகளையும் சேர்த்தே அனுப்பவேண்டும். இதுவரை அறியாத வைரஸ் ஏதேனும் புகுந்திருந்தால், அது அவற்றில்தான் ஒளிந்திருக்கும்.