இல்லத்தில் விஞ்ஞானம்: காது மெத்தையும் கேட்கும் ஓசையும்



இம்மாதம் வந்த கடிதங்களுள் ஒன்றை முதற்கண் எடுத்துக்கொள்வோம். அன்னையார் ஒருவர் எழுதுகிறார்: "என் மகள் கும்பகோணத்திலுள்ள ஆசிரியை ஒருவரிடம் கணினி வாயிலாகப் பாட்டுக் கற்று வருகிறாள். அவள் அணியும் ஹெட்போனின் காது மெத்தை உரிந்து, கருந்துகள்கள் கன்னத்தில் ஒட்டத் தொடங்கின. கடையில் வெல்வெட்டு மெத்தை வாங்கிப் பொருத்தினேன். அன்று முதல், 'அம்மா, தம்புரா எங்கோ தூரத்தில் கேட்கிறது' என்கிறாள். ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறாள். மெத்தை மாறினால் ஓசை மாறுமா? அன்றிப் பயிற்சிக்குச் சோம்பி அவள் கூறும் சாக்கா?"

அன்னையீர், அது சாக்கன்று. மெத்தை மாறினால் ஓசை மாறும், உறுதியாக மாறும். ஒலியை எழுப்பும் கருவி உள்ளே அப்படியே இருக்க, வெறும் உறை மாறுவதால் என்ன நேரும் என்று தோன்றலாம். ஆயின், நம் கச்சேரி மேடையை நினைவுகூர்ந்தால் ஐயம் நீங்கும். கடம் வாசிக்கும் வித்துவான் கடத்தின் வாயைத் தம் வயிற்றோடு சேர்த்து அணைக்கிறார், சற்றே விலக்குகிறார். மண்ணும் மாறவில்லை, விரலும் மாறவில்லை. வாயின் அடைப்பு மாறியதும் 'கும்' என்னும் நாதம் வேறாகிவிடுகிறது. மிருதங்கத்தின் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்பினால் நாதம் தணிகிறது. தம்புராவின் தந்திக்கும் குதிரைக்கும் இடையே செருகும் ஜீவாளி நூலோ மிக அற்பமானது. அதைச் சிறிது நகர்த்தினால் தம்புரா உயிர் பெறுகிறது, அல்லது ஊமையாகிறது. ஹெட்போனில் காது மெத்தை செய்யும் பணியும் இத்தகையதே.

அடைப்பும் கசிவும்

ஹெட்போனின் கிண்ணத்துள் மெல்லிய சவ்வு ஒன்று மின்னோட்டத்திற்கேற்ப அதிர்கிறது. சவ்வுக்கும் நம் செவிப்பறைக்கும் இடையே ஒரு சிறு காற்றறை உண்டு. அவ்வறையின் சுவரே காது மெத்தை.

காற்றில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. ஆகவே, வினாடிக்கு 20 முறை அதிரும் ஆழ்ந்த ஒலியின் அலைநீளம் 17 மீட்டர். இத்துணை நீண்ட அலை சில சென்டிமீட்டரே உள்ள அறையில் அலையாக ஓட இடமில்லை. சவ்வு முன்னும் பின்னும் செல்ல, உள்ளே அடைபட்ட காற்று முழுவதும் ஒருங்கே அமுங்கித் தளர்கிறது. அந்த அழுத்த மாற்றத்தையே நாம் கீழ்ஸ்தாயி ஒலியாக உணர்கிறோம். அறையில் கசிவு இருப்பின், மெல்ல அமுங்கும் காற்று அதன் வழியே தப்பி ஓடிவிடும், அழுத்தம் பிறவாது. விரைந்து அதிரும் மேல்ஸ்தாயி ஒலிக்கோ இத்தொல்லை குறைவு. சிறு சந்தில் உள்ள காற்று அவ்விரைவுக்கு ஈடுகொடுத்து வெளியேற இயலாது. எனவேதான் மெத்தையில் கசிவு ஏற்பட்டால் முதலில் மறைவது ஆழ்ந்த நாதம். குரலும் தாளமும் எஞ்சி நிற்கின்றன.

அக்குழந்தைக்கு நேர்ந்ததும் இதுவாகவே இருக்க வேண்டும். ரெக்ஸின் மெத்தை காற்றை எளிதில் விடாது. வெல்வெட்டுத் துணியோ தன் இழைகளுக்கிடையே காற்றை விடும். பின்புறம் மூடிய ஹெட்போனில் ரெக்ஸினை நீக்கி வெல்வெட்டைப் பொருத்தினால், கீழ்ஸ்தாயி மெலிவதும் வெளியோசை மிகுதியாக உட்புகுவதும் பொதுவான விளைவு. சுருதி தன் அளவில் மாறுவதில்லை. மேலெழும் துணையொலிகளைக் கொண்டே செவி சுருதியைக் கண்டுகொள்ளும். ஆயினும் நாதத்தின் உடல் மெலிந்துவிடுகிறது. மந்தர ஷட்ஜத்தின்மேல் சாய்ந்து பாடும் மாணவிக்கு அந்தச் சாய்மானம் குறைகிறது. "தூரத்தில் கேட்கிறது" என்று அக்குழந்தை கூறியது நல்ல செவியின் அடையாளம்.

மேல்ஸ்தாயியின் வேறு கணக்கு

10,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுள்ள ஒலியின் அலைநீளம் 3.4 சென்டிமீட்டர் மட்டுமே. இது மெத்தையின் உட்குழிவோடு ஒத்த அளவு. ஆகவே, இவ்வொலிகள் உட்சுவரில் மோதித் திரும்பி, ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் சில இடங்களில் ஓங்கும், சில இடங்களில் ஒடுங்கும். வழவழப்பான ரெக்ஸின் சுவர் அவற்றைத் திருப்பி அனுப்பும். வெல்வெட்டும் திறந்த நுரைப்பஞ்சும் ஓரளவு விழுங்கும். மெத்தையின் கனம் சில மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும், உள்துளை அகன்றாலும் குறுகினாலும், சவ்வு காதை நோக்கும் சாய்வு மாறினாலும் இக்கூட்டல் கழித்தல் யாவும் மாறும். இதனால்தான் ஒரே ஹெட்போனுக்கு இரு வேறு மெத்தைகளைப் பொருத்தினால், ஒன்றில் வயலின் கூர்மையாகவும் மற்றொன்றில் மழுங்கியும் கேட்கிறது. எந்த மெத்தை எப்படி மாற்றும் என்பதற்கு எல்லாக் கருவிகளுக்கும் பொருந்தும் ஒரே சூத்திரம் கிடையாது.

சில சான்றுகள்

1910-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நதானியேல் பால்ட்வின் என்பவர் தம் வீட்டுச் சமையலறையில் ஹெட்போன்களைச் செய்து கடற்படைக்கு அளித்தார். 1958-இல் மில்வாக்கி நகரத்து ஜான் காஸ் இசை கேட்பதற்கென்றே ஸ்டீரியோ ஹெட்போனைக் கொண்டுவந்தார். பத்தாண்டு கழித்து, 1968-இல், ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் எச்.டி. 414 என்னும் பின்புறம் திறந்த ஹெட்போனை வெளியிட்டது. அதன் மஞ்சள் நிற நுரைப்பஞ்சு மெத்தை பலர் நினைவில் நிற்பது. அது அழகுக்காக மட்டும் வைத்ததன்று. காற்று ஊடுருவும் அப்பஞ்சையும் சேர்த்தே அதன் ஒலி வகுக்கப்பட்டது.

இக்காலத்து உதாரணம் ஒன்று: 1991-இல் வந்த சோனி எம்.டி.ஆர். 7506 உலகெங்கும் ஒலிப்பதிவுக் கூடங்களில் காணப்படுவது. அதன் மெல்லிய மெத்தை நாளடைவில் உரிந்துவிடும். பேயர்டைனமிக் நிறுவனம் தன் டி.டி. 250 என்னும் கருவிக்கெனச் செய்த வெல்வெட்டு மெத்தை இதற்கும் பொருந்துவதால், அதை மாட்டிக்கொள்வோர் பலர். காதுக்கு இதம் கூடுகிறது. மேலொலியின் கூர்மை சற்றுத் தணிகிறது. கூடவே ஓசையின் சமநிலையும் பழையபடி இருப்பதில்லை.

நியூயார்க்கின் புரூக்ளினில் 1953-இல் தொடங்கிய கிராடோ நிறுவனத்தின் ஹெட்போன்களில் இது இன்னும் தெளிவாகும். சவ்வை மூடிய தட்டையான பஞ்சும், நடுவே குழிந்த கிண்ணம் போன்ற பஞ்சும் அவற்றுக்கு உண்டு. தட்டைப் பஞ்சில் கீழொலி நிறைந்து மேலொலி அடங்கும்; கிண்ணப் பஞ்சில் மேலொலி விரியும். தட்டைப் பஞ்சின் நடுவே அமெரிக்க 25 சென்ட் நாணய அளவுக்கு வட்டமாக வெட்டியெடுத்து, இரண்டுக்கும் இடைப்பட்ட ஓசையைப் பெறுவோரும் உளர். ஜப்பானின் ஃபோஸ்டெக்ஸ் டி50ஆர்.பி. என்னும் கருவியோ கைவேலைக்காரரின் செல்லப்பிள்ளை. கிண்ணத்தின் உட்புறம் களிமண் போன்ற பிசினை அப்பி அதன் அதிர்வை அடக்குவர்; பின்னறையில் பஞ்சோ கம்பளித் துணியோ இட்டு எதிரொலியைக் குறைப்பர். தொப்பியில் ரவை அப்பிய நம் முன்னோர்க்கு இஃது அந்நியமான கலையன்று.

மெத்தை ஏன் உரிகிறது?

ரெக்ஸின் என நாம் வழங்கும் செயற்கைத் தோலில் பெரும்பாலும் பாலியூரிதேன் பூச்சே உள்ளது. காற்றின் ஈரமும் உடல் வியர்வையும் நாளடைவில் அதன் இரசாயனப் பிணைப்பை அறுக்கின்றன. மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம் குடும்பங்களுக்கு மழைக்காலத்தின் ஈரம் புதிதன்று. அதனோடு தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெயும் சேர்ந்தால் மெத்தை விரைவில் பாழாகும். பாட்டு முடிந்ததும் சற்றே ஈரமான துணியால் துடைத்து, பின் உலர்ந்த துணியால் ஒற்றி, நிழலில் காற்றாட வைத்தல் நன்று. வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவருதல் தகாது.

உரியாத மெத்தையும் நிரந்தரமன்று. உள்ளிருக்கும் பஞ்சு ஆண்டுக்கணக்கில் அமுங்கித் தட்டையாகிறது; சவ்வு காதை நெருங்குகிறது; ஓசை சிறிது சிறிதாக மாறுகிறது. நாள்தோறும் கேட்பவருக்கு இம்மாற்றம் புலப்படாது. புதிய மெத்தையை மாட்டிய அன்றுதான், 'இது வேறு ஹெட்போனோ' என்னும் வியப்பு எழும். ஆகவே, ஓசை கெட்டுவிட்டதென்று கருவியையே குப்பையில் எறியும் முன், மெத்தையை ஒருமுறை நோக்குக. சில நூறு ரூபாயில் தீரும் குறைக்குப் பல ஆயிரம் செலவிட வேண்டியதில்லை.

வாங்குவோர் கவனத்திற்கு

தில்லி நேரு பிளேஸிலும் மும்பை லாமிங்டன் சாலையிலும் கொல்கத்தாவின் சாந்தினி சந்தையிலும் இத்தகைய சாமான்கள் கிடைக்கும். நிறுவனத்தாரே விற்கும் மெத்தை கிடைக்குமாயின் அதுவே முதல் தேர்வு. கிடைக்காதாயின் பின்வருவனவற்றைக் கருதுக.

முதலாவது, பழைய மெத்தையைக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். வெளியளவு மட்டும் ஒத்தால் போதாது. கனம், உள்துளையின் அகலம், மேலுறையின் வகை ஆகிய மூன்றும் ஒத்திருக்க வேண்டும். துளையிட்ட ரெக்ஸினும் வெல்வெட்டைப் போலவே காற்றை விடும் என்பதை மறவாதீர்.

இரண்டாவது, சவ்வுக்கு முன்னே மெல்லிய பஞ்சு வட்டோ துணியோ இருப்பின் அதை எறிந்துவிட வேண்டாம். மேலொலியைப் பதப்படுத்துவதும், உதிர்ந்த மயிர் சவ்வில் விழுந்து 'கிர்' என்று இரையாமல் காப்பதும் அதுவே.

மூன்றாவது, மெத்தையின் விளிம்பு கிண்ணத்தின் பள்ளத்தில் சுற்றிலும் முழுதாக அமர வேண்டும். ஒரு மூலையில் மடிந்திருந்தாலும் கசிவுதான்.

நான்காவது, வெளியோசையை அடக்கும் மின்னமைப்புள்ள ஹெட்போன்களில் அந்நிய மெத்தையைத் தவிர்த்தல் நலம். அவற்றின் கிண்ணத்துள் ஒலிவாங்கி உண்டு. குறிப்பிட்ட அடைப்பையும் குறிப்பிட்ட காற்றறையையும் கருதியே அதன் கணக்கு அமைந்துள்ளது. மெத்தை மாறினால் அடக்கும் ஆற்றல் குறையும்.

கசிவைக் கண்டறிய எளிய சோதனை ஒன்று கூறுவோம். மிருதங்கமோ தவிலோ முழங்கும் பகுதியை மெல்லிய ஒலியில் வையுங்கள். இரு கிண்ணங்களையும் உள்ளங்கையால் இலேசாகக் காதோடு அழுத்துங்கள். அழுத்தியதும் தொப்பியின் நாதம் பொங்கி எழுமாயின் கசிவு இருக்கிறதென்று பொருள். உடனே மெத்தையைப் பழிக்கவும் வேண்டாம். மூக்குக்கண்ணாடியின் காம்பு, ஜிமிக்கி, அடர்ந்த கூந்தல் ஆகியவையும் சந்து உண்டாக்கும். அவற்றை விலக்கி மீண்டும் சோதிக்க.

கைவேலையில் விருப்பமுள்ள இளைஞர்க்கு ஒரு சொல். மருத்துவர் பயன்படுத்தும் காகித ஒட்டுப்பட்டையால் காற்றுத் துளையைச் சிறிது மூடுவதும், மெல்லிய காகிதத்தைச் சவ்வின் முன் வைத்து மேலொலியைத் தணிப்பதும் மீளக்கூடிய மாற்றங்கள், செய்து பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்க. அதையும் ஒரு காதில் மட்டும் செய்து, தனிக்குரல் ஒன்றை இரு காதிலும் ஒன்றாக ஒலிக்கச் செய்து ஒப்பிடுக. வெட்டுவதும் பசை தடவுவதும் மீளா வழிகள். அவற்றைப் பழைய கருவியோடு நிறுத்திக்கொள்க.

செவி ஒன்றே

இவை யாவற்றினும் முக்கியமானது கடிதத்தின் ஒரு வரியில் உள்ளது: "ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறாள்." கசியும் மெத்தையின் உண்மையான தீங்கு இதுதான். இழந்த கீழொலியை மீட்க எண்ணி ஒலியைக் கூட்டும்போது, குறையாத மேலொலிகளும் சேர்ந்து கூடுகின்றன. வெளிச் சந்தடி உட்புகுவதால் மேலும் கூட்டத் தோன்றுகிறது. கைபேசியிலுள்ள ஒலிச் சமனியால் கீழொலியை மட்டும் உயர்த்தினாலும், கசியும் அறையில் சவ்வு அளவுக்கு மீறி அலைந்து ஓசை சிதையும். ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதை ஒத்தது அது.

உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறியின்படி, பெரியோர் 80 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணி வரை கேட்கலாம். சிறுவர்க்கு அவ்வளவு நேரத்திற்கு 75 டெசிபலே எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகும். அதாவது பெரியோர்க்கு 83 டெசிபலில் 20 மணி, 86-இல் 10 மணி, 89-இல் 5 மணி. அன்றாடம் பாடமும் பாட்டும் ஊராருடன் உரையாடலும் ஹெட்போன் வழியாகவே நடைபெறும் இல்லங்களில் இக்கணக்கு விரைவில் நிறைந்துவிடும்.

உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை மடிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. மெத்தையை எத்தனை முறையும் மாற்றலாம். அவற்றை மாற்ற எக்கடையிலும் வழியில்லை. ஆகவே அன்னையீர், வெல்வெட்டை நீக்கிப் பழைய அளவிலேயே நல்ல ரெக்ஸின் மெத்தையை வாங்கிப் பொருத்துக. பின் ஒலியைத் தாழ்த்தி வைக்குமாறு மகளிடம் அன்போடு கூறுக. தம்புரா அருகே வந்துவிட்டால் அவளே தாழ்த்துவாள்.

அடுத்த இதழில்: மழைக்காலத்தில் அரிசியிலும் பருப்பிலும் வண்டு வராமல் காப்பது எங்ஙனம்?