பிரிக்காத பெட்டிக்கு என்ன விலை?

1977 கிறிஸ்துமஸுக்குள் ஸ்டார் வார்ஸ் திரைப்படப் பொம்மைகளைச் செய்து முடிக்க முடியாத கென்னர் நிறுவனம், பிறகு அனுப்பி வைக்கிறோம் என்ற சீட்டை அட்டை உறையில் போட்டு விற்றது. மறு ஆண்டு வந்த மூன்றே முக்கால் அங்குலப் பொம்மைகளைப் பிள்ளைகள் மண்ணில் புரட்டி, கையை ஒடித்து, துப்பாக்கியைத் தொலைத்து விளையாடித் தீர்த்தார்கள். அட்டை பிரியாமல் தப்பியவை சொற்பம் என்பதால்தான் இன்று அவற்றுக்கு அவ்வளவு விலை. அதே வரிசையில் திட்டமிட்ட, ராக்கெட் பாயும் போபா ஃபெட் என்ற பாத்திரத்தின் பொம்மை, பாதுகாப்பு அச்சத்தால் கடைக்கே வரவில்லை. அதன் மாதிரி ஒன்று 2024-இல் 5,25,000 டாலருக்கு ஏலம் போனது. இதைப் பார்த்துப் பொம்மையை முதலீடாக நினைப்பவர்கள் 1990-களின் கதையையும் பார்க்க வேண்டும். அப்போது வந்தவற்றைப் பலரும் பிரிக்காமலே பதுக்கினார்கள். எல்லோரும் பதுக்கிய பொருள் எப்படி அரிதாகும்? 1999-இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தின் பொம்மைகள் பலவும் இன்று மலிவாகவே கிடைக்கின்றன.

‘லிமிடெட் எடிஷன்’ அப்படியல்லவே என்பார்கள். எண்ணிக்கையை நிறுவனம் குறைக்கலாம். வாங்கத் துடிப்பவர்களை அதனால் உண்டாக்க முடியாது. வாங்கியவரும் பிளாஸ்டிக் மூடி மஞ்சளாகாமல், அட்டை மடங்காமல், பொம்மை பிசுபிசுக்காமல் பல ஆண்டுகள் காக்க வேண்டும். விற்கும்போது கமிஷன், தபால் செலவு வேறு. பிடித்ததற்குச் செலவழிப்பது வீண் இல்லையே என்ற வாதத்தை முழுமையாக ஏற்கலாம். ஆனால், பிடித்து வாங்கியவர் அதைப் பெட்டியைவிட்டு வெளியே எடுக்கலாமே!