கேம்ப்புக்கு வராத கட்டபொம்மன்

“சார், அவனுக்குப் பனி ஒத்துக்காது. உடனே சளி கட்டிக்கும். இந்த வருஷம் வேண்டாமே...”

ஏழாம் வகுப்பு கேம்ப்புக்கான சம்மதச் சீட்டைக் கையெழுத்துப் போடாமலே திருப்பிக் கொடுத்தார் அந்த அம்மா. முந்தின வருஷம் பாட்டிக்கு உடம்பு சரியில்லை. அதற்கு முந்தின வருஷம் ஊரில் கல்யாணம். மூன்றாவது வருஷமாகப் பையன் கேம்ப்புக்கு வரவில்லை.

பையன் யார் தெரியுமா? மூன்று வாரத்துக்கு முன்னால்தான் எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் கட்டபொம்மனாக மேடையேறி, மைக்கே தேவையில்லாமல் கர்ஜித்தவன். கயிற்றைக் கையில் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு ஆறு விதமாக முடிச்சுப் போடுவான். சாரணர் படையில் அவனுடைய அணிக்கு அவன்தான் தலைவன். அப்பேர்ப்பட்ட பையனுக்கு ஏலகிரிப் பனி ஒத்துக்காதாம்! நம்ப முடியுமா?

நான் விடவில்லை. “ஏம்மா, நிஜமான காரணம் என்ன?” என்று கேட்டேன். அந்த அம்மா வராண்டாவில் யாராவது வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு குரலை இறக்கிச் சொன்னார்: “உங்ககிட்ட சொல்றதுக்கென்ன சார்... ராத்திரியில படுக்கையை நனைச்சிடறான். வாரத்துல மூணு நாளாவது. பன்னெண்டு வயசு ஆச்சு. எள்ளுருண்டை கொடுத்துப் பார்த்தேன், தாயத்து கட்டிப் பார்த்தேன். அவங்கப்பா ரெண்டு தடவை அடிச்சுக்கூடப் பார்த்துட்டார். அங்க வந்து பசங்க முன்னாடி இப்படி ஆச்சுன்னா, அப்புறம் ஸ்கூல் பக்கமே வரமாட்டான் சார்.”

இது நடந்தது 2007-ல். அதற்குள் எனக்குக் கேம்ப் நடத்தி நிறைய அனுபவம் வந்திருந்தது. ஆனால், கேம்ப்புக்கு வராத பிள்ளைகள் ஏன் வருவதில்லை என்று நான் உருப்படியாக யோசித்தது அன்றைக்குத்தான். பணம் இல்லை என்பார்கள், டியூஷன் இருக்கிறது என்பார்கள், பரீட்சை வருகிறது என்பார்கள். பல வீடுகளில் அது உண்மைதான். சில வீடுகளில் மட்டும் அந்தக் காரணங்களுக்குப் பின்னால், காலையில் அவசரமாக அலசிக் காயப்போட்ட ஒரு பெட்ஷீட் இருக்கிறது.

சில வீடுகள்தானே என்று நினைக்காதீர்கள். ஐந்து வயது வரை படுக்கையை நனைப்பதை டாக்டர்கள் ஒரு பிரச்னையாகவே எடுத்துக்கொள்வதில்லை. ஏழு வயதில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துக் குழந்தைகளுக்கு இது இருக்கிறது. பத்து வயதிலும் ஏறக்குறைய இருபது பேரில் ஒருவருக்கு உண்டு. நாற்பது பேர் உள்ள ஐந்தாம் வகுப்பில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! அந்த இரண்டு பேரும், ‘உலகத்திலேயே நான் ஒருத்தன்தான் இப்படி’ என்று நினைத்துக்கொண்டு ஒரே பெஞ்சில்கூட உட்கார்ந்திருக்கலாம்.

இது சோம்பேறித்தனம் இல்லை. திமிர் இல்லை. பயந்த சுபாவமும் இல்லை (கட்டபொம்மனையே பார்த்துவிட்டோமே!). ராத்திரியில் சிறுநீர் குறைவாகச் சுரக்கும்படி ‘வாசோபிரஸ்ஸின்’ என்ற ஹார்மோன் உடம்பில் கூடுதலாக வேலை செய்யும். சில குழந்தைகளுக்கு அது போதிய அளவு சுரப்பதில்லை. சிலருக்கு சிறுநீர்ப் பை கொஞ்சம் சின்னது. பத்து வயதுப் பிள்ளைக்குச் சுமார் 330 மில்லி கொள்ள வேண்டும், அது கொள்ளாது. பை நிரம்பிவிட்டது என்ற தகவல் வந்தாலும் எழுந்திருக்க முடியாத ஆழ்ந்த தூக்கம் சிலருக்கு. இதில் எதை அடித்துத் திருத்த முடியும்? சொல்லுங்கள்.

பகலில் நாம் செய்கிற ஒரு காரியமும் இதோடு சேர்ந்துகொள்கிறது. இதைப் பள்ளிக்கூடத்துக்காரனாக நான்தான் சொல்ல வேண்டும். காலை ஏழே முக்காலுக்கு வேன் ஏறுகிற பையன் சாயந்திரம் ஐந்து மணிக்கு வீடு திரும்புகிறான். நடுவில் ‘ஒண்ணுக்கு பெல்’ இரண்டு தடவை அடிக்கும். பத்து நிமிஷத்துக்குள் இருநூறு பிள்ளைகள் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். கதவு இருந்தால் தாழ்ப்பாள் இருக்காது, தாழ்ப்பாள் இருந்தால் தண்ணீர் வராது. வகுப்பு நடக்கும்போது ஒற்றை விரலைத் தூக்கினால், “இப்பத்தானேடா இன்டர்வெல் விட்டாங்க?” என்று ஆசிரியர் முறைப்பார். நானும் முறைத்திருக்கிறேன். பிள்ளை என்ன செய்யும்? தண்ணீரே குடிக்காது. காலையில் நீங்கள் நிரப்பி அனுப்பிய வாட்டர் பாட்டில் சாயந்திரம் அப்படியே கனமாகத் திரும்பி வருகிறதா இல்லையா?

ஆண்டு விழா ஒத்திகை மாதத்தில் நிலைமை இன்னும் மோசம். பரதநாட்டியம் ஆடுகிற பெண் குழந்தைகளுக்கு மத்தியானம் இரண்டு மணிக்கே காஸ்ட்யூம் போட்டு ஊசி குத்தி முடித்துவிடுவார்கள். ஏழு மணிக்குத்தான் மேடை. “இப்ப போனா மறுபடி யார் மடிப்பு வைக்கிறது?” என்று ஒரு அதட்டல். ஐந்து மணி நேரம் அடக்கிக்கொண்டு, அந்த உதட்டுச் சாயத்தோடு சிரித்துக்கொண்டு நிற்கும், பாவம். பெரிய பெண்களுக்கு மாதவிலக்கு நாட்களில் படும் பாடு தனி.

பகலெல்லாம் காய்ந்து கிடந்த உடம்பு சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் மடக் மடக்கென்று குடிக்கும். டியூஷன் முடித்து ஒன்பது மணிக்குச் சாப்பாடு, அதோடு தண்ணீர், படுக்கும்போது ஒரு டம்ளர் பால். நாள் முழுவதும் பரவலாகப் போக வேண்டிய தண்ணீர் அத்தனையும் ராத்திரிக் கணக்கில் ஏறுகிறது. போதாததற்கு, பள்ளியில் மலத்தையும் அடக்கி அடக்கி மலச்சிக்கல் வந்துவிடுகிறது. குடலில் இறுகி நிற்கும் மலம் சிறுநீர்ப் பையை அழுத்தும். படுக்கை நனையக் கேட்பானேன்! கேரளத்தில் 2019-ல் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதற்கென்றே பள்ளிகளில் ‘வாட்டர் பெல்’ அடிக்க ஆரம்பித்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால், குடிக்க மணி அடிக்கிற பள்ளி, போவதற்குக் கதவு வைத்த கழிவறையும் கொடுத்தால்தான் அந்த மணிக்கு அர்த்தம்.

சரி, அந்தப் பையனைக் கேம்ப்புக்கு அனுப்பலாமா கூடாதா? அனுப்பத்தான் வேண்டும் என்பது என் கட்சி. மூன்று ராத்திரி தானே என்று நினைப்பீர்கள். நண்பர்கள் திரும்பி வந்து வருஷம் முழுக்க அந்த மூன்று ராத்திரிகளைப் பற்றித்தான் பேசுவார்கள். கரி பிடித்த உப்புமாவை, கேம்ப் ஃபயரில் தமிழ் வாத்தியார் ஆடிய டான்ஸை, கூடாரத்துக்குள் தவளை புகுந்ததை... வராதவன் அந்தப் பேச்சில் ஓரமாக நிற்பான். தன் உடம்பைப் பற்றி ஒரு முடிவுக்கும் வந்துவிடுவான்: ‘நாம் வெளியூரில் தங்கக் கூடாதவன்.’ நாளைக்கு ஹாஸ்டலில் சேர்ந்து படிக்கும் வாய்ப்பு வந்தால்கூட அதே காரணத்துக்காக வேண்டாம் என்பான்.

அனுப்புவது என்றால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. கேம்ப்புக்கு இரண்டு மாதம் முன்பே குழந்தைகள் நல மருத்துவரைப் பாருங்கள். அலாரம் வைத்துப் பழக்கும் முறை இருக்கிறது. நல்ல பலன் தரும், ஆனால் வாரக்கணக்கில், சமயத்தில் மூன்று மாதம் வரை பொறுமை வேண்டும். கேம்ப் மாதிரியான சில நாட்களுக்கு ‘டெஸ்மோபிரஸ்ஸின்’ மாத்திரையை டாக்டர் எழுதிக்கொடுப்பதுண்டு. படுப்பதற்கு முன் அதைப் போட்டால், அதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து காலை வரை தண்ணீரைக் கட்டாயம் கட்டுப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் ரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்த மாத்திரையை வாங்கிப் போடுகிற விஷயமே இல்லை இது. கேம்ப்பில் முதல் தடவையாகப் போட்டுப் பார்ப்பதும் தப்பு. வீட்டிலேயே முன்கூட்டி ஒத்திகை பார்த்துவிட வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென்று மறுபடி ஆரம்பித்தால், கூடவே தாகம் அதிகமாகி உடம்பும் இளைத்தால், அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள். சர்க்கரை நோயின் முதல் அறிகுறியாக இருக்கலாம். போகும்போது எரிச்சல் இருந்தால் நீர்த்தாரைத் தொற்றாக இருக்கலாம். வீட்டிலோ பள்ளியிலோ பெரிய பயம், மன வேதனை ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம், கேம்ப்புக்கு வருகிற ஆசிரியர்களில் ஒருவரிடம் மட்டும் தனியாகச் சொல்லிவிடுங்கள். பையனுக்குத் தெரிந்து சொல்லுங்கள். அவன் முதுகுக்குப் பின்னால் வேண்டாம்.

கட்டபொம்மன் விஷயத்தில் நாங்கள் என்ன செய்தோம்? பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ‘மலையில் ஈரம் ஏறும்’ என்று சொல்லி முப்பத்திரண்டு பேருக்கும் பெட்ஷீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்புப் போட்டோம். ராத்திரி பத்தரைக்கும் இரண்டு மணிக்கும் நானும் இன்னொரு ஆசிரியருமாகப் போய், அவன் கூடாரத்தில் எல்லாரையும் எழுப்பி, டார்ச் அடித்து வரிசையாக அழைத்துப் போனோம். (இந்தக் காரியத்துக்கு இரண்டு பேராகத்தான் போக வேண்டும். ஒருவர் தனியாகப் போவது பிள்ளைக்கும் நல்லதில்லை, ஆசிரியருக்கும் நல்லதில்லை.) இப்படி எழுப்புவதால் பிரச்னை தீர்ந்துவிடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்களுக்கு மூன்று ராத்திரி தாண்டினால் போதும். முதல் ராத்திரி நனைந்துவிட்டது. விடியற்காலையில் அவன் வந்து என் தோளைத் தொட்டான். மாற்றுப் பெட்ஷீட் என் பையில் இருந்தது. அடுத்த இரண்டு ராத்திரியும் ஒன்றும் இல்லை.

இதையெல்லாம் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது. 1994-ல் என்னுடைய இரண்டாவது கேம்ப். காலையில் கூடாரத்தைச் சோதித்தபோது ஒரு பையனின் விரிப்பு ஈரமாக இருந்தது. எனக்கு அப்போது இளம் வயது, கறாரான வாத்தியார் என்று பேர் வாங்க ஆசை. அத்தனை பேரும் பார்க்கக் குழாயடியில் அவனைத் துவைக்கச் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேனா என்று இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சாரணர் ஸ்கார்ஃபை மடித்து மறுநாள் என் மேஜையில் வைத்துவிட்டுப் போனான். அடுத்த வருஷம் வேறு பள்ளியில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

ஜார்ஜ் ஆர்வெல் என்ற ஆங்கில எழுத்தாளர் எட்டு வயதில் விடுதிப் பள்ளியில் சேர்ந்து, படுக்கையை நனைத்ததற்காகப் பிரம்படி வாங்கியவர். பெரியவரான பிறகு அதை ஒரு கட்டுரையாகவே எழுதினார். அவர் இறந்து இரண்டு வருஷம் கழித்து 1952-ல் அது அச்சில் வந்தது. அதைப் படித்தபோது எனக்கு அந்தக் குழாயடிதான் ஞாபகத்துக்கு வந்தது.

இது வளர வளரத் தானாகவே சரியாகிவிடுவதுதான் வழக்கம். ஒவ்வொரு வருஷமும் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு நின்றுவிடுகிறது. ஆனால், குடும்பத்தில் வருகிற சமாசாரம் இது. பெற்றோரில் ஒருவருக்குச் சின்ன வயதில் இருந்திருந்தால் பிள்ளைக்கு வர சுமார் 44 சதவிகித வாய்ப்பு. இரண்டு பேருக்கும் இருந்திருந்தால் 77 சதவிகிதம். ‘எனக்கும் உன் வயசுல இருந்துச்சுடா’ என்று எத்தனை அப்பாக்கள் சொல்லியிருக்கிறார்கள்? சொல்லிவிட்டால் பாதி பாரம் இறங்கிவிடும் அந்தப் பிள்ளைக்கு. கட்டபொம்மனை இரண்டு தடவை அடித்த அந்த அப்பாகூட, டாக்டர் துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் தலையைக் குனிந்துகொண்டு “ஆமாம்” என்றாராம்.

அந்த 1994 பையனுக்கு இப்போது நாற்பது தாண்டியிருக்கும். பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் இருக்கலாம். அதில் ஒன்று கேம்ப் சீட்டை நீட்டினால் அவன் கையெழுத்துப் போடுவானா, இல்லை, பனி ஒத்துக்காது என்று சொல்லி அனுப்புவானா?