கட்சிக்குள்ளும் ஓட்டுப் பெட்டி வேண்டும்

2021-ம் ஆண்டு அக்டோபர் மாதம், களமருதூர் உள்ளிட்ட கள்ளக்குறிச்சி மாவட்டக் கிராமங்களில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. மாவட்டம் பிறந்த பிறகு நடந்த முதல் உள்ளாட்சித் தேர்தல் அது. ஒவ்வொருவர் கையிலும் நான்கு ஓட்டுச் சீட்டு. வார்டுக்கு ஒன்று, ஊராட்சித் தலைவருக்கு ஒன்று, ஒன்றியத்துக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று. முத்திரை குத்திப் பெட்டியில் போட்டார்கள்.

அதே கிராமங்களில் கட்சித் தொண்டர்களும் இருக்கிறார்கள். கொடி கட்டுகிறார்கள். சுவரில் சின்னம் வரைகிறார்கள். மாநாடு என்றால் வேலையை விட்டுவிட்டு வேன் ஏறுகிறார்கள். தங்கள் கட்சித் தலைவரைத் தேர்ந்தெடுக்க அவர்கள் கையில் ஒரு சீட்டு வந்தது உண்டா?

தமிழ்நாட்டில் தலைவர் பதவிக்குப் போட்டியே நடந்ததில்லை என்று எண்ண வேண்டாம். பலத்த போட்டி நடந்திருக்கிறது.

1940-ல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் தேர்தல். ஒரு பக்கம் காமராஜர்; அவருக்குச் சத்தியமூர்த்தி ஆதரவு. மறு பக்கம் சி.பி.சுப்பையா, அவருக்கு ராஜாஜி ஆதரவு. எண்ணிப் பார்த்தார்கள். காமராஜருக்கு 103. சுப்பையாவுக்கு 100. மூன்றே ஓட்டு!

1954-ல் ராஜாஜி முதல் மந்திரி பதவியை விட்டு விலகினார். அடுத்தவர் யார்? சட்டசபைக் காங்கிரஸ் கட்சியில் மீண்டும் ஓட்டெடுப்பு. காமராஜருக்கு 93, சி.சுப்பிரமணியத்துக்கு 41. வென்றவர் என்ன செய்தார்? எதிர்த்து நின்ற சுப்பிரமணியத்தையே மந்திரி ஆக்கினார். அவர் பக்கம் நின்ற பக்தவத்சலத்தையும் சேர்த்துக்கொண்டார். போட்டி போட்டால் கட்சி உடைந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் இதை ஒரு முறை நினைத்துப் பார்க்கலாம்.

இப்போது காதில் விழும் சொல் "போட்டியின்றி" என்பதுதான். தி.மு.க. தலைவராக மு.க.ஸ்டாலின் 2018-லும் 2022-லும் போட்டியின்றித் தேர்வானார். அ.தி.மு.க.வில் பொதுச் செயலாளரை அடிப்படை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது எம்.ஜி.ஆர். காலத்து விதி. நல்ல விதிதான். ஆனால் 2017-ல் அந்தப் பதவியே எடுக்கப்பட்டது. 2022 ஜூலையில் திரும்பி வந்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 2023 மார்ச்சில் எடப்பாடி பழனிசாமி பொதுச் செயலாளர் ஆனார். அதுவும் போட்டியின்றியே. உறுப்பினருக்கு உரிமை இருந்தது. ஓட்டுப் போட வேலை இருக்கவில்லை.

காங்கிரஸ் 2022-ல் அகில இந்தியத் தலைவர் பதவிக்குத் தேர்தல் நடத்தியது. கார்கேவுக்கு 7,897 ஓட்டு. சசி தரூருக்கு 1,072. ஓட்டுப் போட்டவர்கள் கட்சிப் பிரதிநிதிகள் மட்டுமே. ஆனாலும் பெட்டி இருந்தது, எண்ணிக்கை இருந்தது, தோற்றவரின் கணக்கும் ஊருக்குத் தெரிந்தது.

சட்டம் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். பதிவு பெறும் கட்சி உள்கட்சித் தேர்தலைக் காலாகாலத்தில் நடத்த வேண்டும் என்று தேர்தல் கமிஷன் கேட்கிறது. நடத்தாவிட்டால்? கட்சியின் பதிவை ரத்து செய்யும் பொது அதிகாரம் கமிஷனுக்கு இல்லை என்று 2002-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறிவிட்டது. பல்லில்லாத கமிஷன் எத்தனை கடிதம் எழுதி என்ன பயன்? அந்த அதிகாரத்தைப் பாராளுமன்றம்தான் தர வேண்டும். தருவதற்குக் கை தூக்க வேண்டியவர்களும் இதே கட்சிகளின் எம்.பி.க்கள்தான்.

ஆகவே, உறுப்பினர் சீட்டு புதுப்பிக்க ஆள் வரும்போது, களமருதூர்த் தொண்டர் சந்தாவைக் கையில் வைத்துக்கொண்டே கேட்கட்டும்: "எங்களுக்கு ஓட்டு எப்போது, ஐயா?"